ஒரு பிரசவத்துக்கு எத்தனை கிட்?

கர்ப்பிணி என்பவள் நோயாளி இல்லையாம். அதனால் பிரசவ விடுதிக்குக் கவச உடை கிடையாதாம். எங்கள் மேலதிகாரி இதைப் போனில் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது என்னைச் சுற்றிக் கூரை வரைக்கும் கவச உடைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. தண்ணீருக்குள் நின்றுகொண்டு தாகத்தைப் பற்றிப் பாடம் கேட்பது மாதிரி இருந்தது.

"நோய்க்குன்னு ஒதுக்கின கட்டில் எத்தனையோ, அதுக்குத் தகுந்த மாதிரி கிட். பிரசவ விடுதியில நோய்க்கட்டில் எத்தனைம்மா இருக்கு?"

"ஒன்னும் இல்ல சார்."

"அப்ப கிட்டும் ஒன்னும் இல்ல. சரியாத்தானே இருக்கு?"

"வர்ற பொம்பளைக்கு நோய் இருக்கா இல்லையான்னு வாசல்ல பாத்தே எப்படி சார் தெரியும்? வலி வந்தவ கத்துறா, மூச்சு வாங்குறா, இருமுறா. மருத்துவச்சி அவ முகத்துக்கு நேரா நின்னுதான் ஆகணும். எட்ட நின்னு டார்ச் அடிச்சா குழந்தை வந்துடுமா?"

"மேல எழுதிப் போட்டிருக்கேன். பாக்கலாம்."

எங்கள் அலுவலகத்தில் பாக்கலாம் என்று சொல்லிவிட்டால் அந்த விஷயத்தைப் பாடையில் ஏற்றியாகிவிட்டது என்று புரிந்துகொள்ள வேண்டும். போனை வைத்துவிட்டு ஒரு பெட்டியை எட்டி உதைத்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை, என் கால் கட்டைவிரல்தான் வீங்கியது.

நான் மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர். எனக்குப் பட்டப்பெயர் பூட்டு. கையெழுத்து இல்லாமல் ஒரு துண்டுப் பஞ்சுகூட என்னிடமிருந்து வெளியே போகாது என்பதால் மருந்து வண்டி ஓட்டுநர்கள் வைத்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், இப்போது என் நாத்தனாரே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். அந்தப் பிரசவ விடுதியை நடத்துகிறவள் அவள்தான். என் வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு. போன குளிர்காலத்தில் மூச்சு விட முடியாமல் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொரு முறை நெஞ்சில் ஏதாவது வந்தால் தாங்காது என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவளிடம் நோய் ஊரெல்லாம் சுற்றும் நேரத்தில் லீவு போடச் சொன்னால், "நான் லீவு போடலாம், பிள்ளைங்க போடுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். அவளோடு வேலை பார்த்த இளைய மருத்துவச்சி காய்ச்சலில் வீட்டில் படுத்துவிட்டாள். ஆயாவுக்கு வர பஸ் இல்லை. ஆக, விடுதியில் இவள் ஒருத்திதான்.

என் வீட்டுக்காரர் ஜன்னல் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். அதை மூடிவிட்டதால் வீட்டில் இருக்கிற ஜன்னல்களையெல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நான் வேலை முடிந்து வந்து கை கால் கழுவுவதற்குள் ஒரே கேள்விதான். "அக்காவுக்கு ஏதாவது கிடைச்சுதா?" கோபமாகக் கேட்டால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுக்கலாம். அவர் மெதுவாகக் கேட்பார். இல்லை என்றால் "சரி" என்று ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அடுத்த ஜன்னலுக்குப் போய்விடுவார். அந்த "சரி" எனக்குச் சோறு இறங்க விடாது.

கிடங்கிலிருந்து நானே நான்கைந்து எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பெட்டியும் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் பங்கு. ஒரு நாத்தனாருக்காக ஒரு பெட்டியைப் பிரித்தால், நாளைக்கு மற்ற மருத்துவச்சிகளின் நாத்தனார்கள் என்ன செய்வார்கள்? எனக்குக் கேட்டு வாங்கத்தான் தெரியும். வாராந்தரக் கூட்டத்தில் மேலதிகாரியிடம் கேட்டேன். மாடிப்படியில் மறித்துக் கேட்டேன். கைகழுவும் இடத்தில் அவர் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஓட முடியாத நேரம் பார்த்துக் கேட்டேன். கல்லில் நார் உரித்த கதையாக, கடைசியில் மாதத்துக்குப் பத்து கிட் என்று ஒரு கையெழுத்து விழுந்தது.

பிரித்துப் பார்த்தால் பத்தும் ஆறடி ஆளுக்கானது. என் நாத்தனார் என் தோளுக்கு வருவாள். காலை மடித்து, அகல டேப்பால் ஒட்டி, கையைச் சுருக்கி, நானும் வீட்டுக்காரருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை பார்த்தோம். தைத்தால் ஊசித் துளை வழியே ஈரம் போகும், அதனால் டேப்தான். ஜன்னல் கழற்றும் பைத்தியம் அன்று ஒருநாள் விட்டது அவருக்கு.

விடுதி வாசலிலேயே நின்று கொடுத்தேன். போடுவது எப்படி என்பதைவிடக் கழற்றுவது எப்படி என்பதை மூன்று தரம் செய்து காட்டினேன். "கழட்டும்போதுதான் ஒட்டிக்கும் அண்ணி. வெளிப்பக்கத்தத் தொடவே கூடாது. கிட் போடாத யாரையும் பிரசவ அறைக்குள்ள விடக்கூடாது. யாரையும்."

"யாரையும்?"

"அந்தக் கடவுளே வந்தாலும்."

"அவருக்கும் ஆறடி சைஸ் சரியா இருக்கும்" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று ராத்திரி வீட்டுக்காரர் கேட்காமலே சொன்னேன். தட்டில் இருந்ததையெல்லாம் சாப்பிட்டு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். மாதக்கணக்கில் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, போன் வந்தது. "பூட்டு, கிட் தீந்துடுச்சு."

"பத்துமா?"

"பத்தும்."

"எத்தனை பிரசவம் ஆச்சு?"

"ஒரு அஞ்சு இருக்கும்."

"அஞ்சு பிரசவத்துக்குப் பத்து கிட்டா? ஒரு பிரசவத்துக்கு நடுவுல சட்டை மாத்தினீங்களா அண்ணி?"

"நீ நேர்ல வா, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டாள். பாடுபட்டு வாங்கியது கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டதே என்று கோபம் எனக்கு. கிடங்கில் ஒவ்வொரு சரக்கிலும் ஒன்றைப் பிரித்து, சரியாக இருக்கிறதா என்று சோதிப்போம். கிழிசல் ஏதும் இல்லையென்று எழுதி வைத்த சோதனைக் கிட் ஒன்று இருந்தது. அது எந்த ஆஸ்பத்திரியின் பங்கும் இல்லை. அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு மறுநாள் காலையில் கிளம்பினேன்.

விடுதி ஒரு தளம்தான். நீளமான நடை, இடதுபக்கம் பிரசவ அறை, வலதுபக்கம் பெற்றவர்கள் படுக்கிற அறை, கோடியில் சாமான் அறை. நடையில் நுழைந்ததும் பிரசவ அறைக் கதவு திறந்து ஓர் ஆள் வெளியே வந்தார். தலை முதல் கால் வரை வெள்ளைக் கவச உடை, கண்ணாடி, இரட்டைக் கையுறை, காலுறை. என் மனசு குளிர்ந்தது. பரவாயில்லையே, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மருத்துவரை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, கை கூப்பி, "வணக்கம் டாக்டர்" என்றேன்.

அவர் பதறிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். கண்ணாடிக்குள் ஒரே ஆவி. "நான் லாரி ஓட்டுறேம்மா" என்றார். "பையன் பொறந்திருக்கான்."

அவருக்குப் பின்னால், மஞ்சள் நிற மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, துணி மாஸ்க்கோடு என் நாத்தனார் வந்தாள். ஸ்கூட்டரில் போகும்போது போடுகிற கோட்டு. அதன் தொப்பியைக் கழுத்தில் முடிச்சுப் போட்டிருந்தாள்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். பத்து கிட். ஐந்து பிரசவம். பாதி போனது புருஷன்களுக்கும் அம்மாக்களுக்கும்!

லாரிக்காரரை வாளிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, வரிசை பிசகாமல் கழற்றவைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவவைத்து அனுப்பிவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். அந்த அக்கறையையெல்லாம் ஊராருக்குச் செலவழித்தாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க அண்ணி? இதுக்கா நான் அந்த ஆள் கால்ல விழாத குறையா கெஞ்சினேன்?"

"மொதல்ல நானும் போட்டேன், கூட இருக்கிற ஆளுக்கும் போட்டேன். ஒரு பிரசவத்துக்கு ரெண்டு. ஒன்னு போடும்போதே கிழிஞ்சுது. நேத்து இவங்க வந்தப்போ ஒன்னுதான் மிச்சம் இருந்துச்சு. அத அந்தத் தம்பிக்குக் குடுத்துட்டேன்."

"அவர வெளிய நிறுத்தியிருக்கலாம்ல?"

"கிட் போடாதவங்கள உள்ள விடக்கூடாதுன்னு நீதானே சொன்ன? போட்டுத்தான் விட்டேன்."

"நான் சொன்னது உங்களக் காப்பாத்த!"

"கத்தாத. உள்ள குழந்தை தூங்குது." மழைக்கோட்டைக் கழற்றிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள். "இங்க பாரு. வலி எடுத்தவள ஒரு ஆள்கூட இல்லாம கட்டில்ல போட்டா, அவ உடம்பு விறைச்சுக்குது. அரை நாள்ல முடியறது ஒரு நாள் ஆகுது. அவ்ளோ நேரமும் நான்தான் அவ மூச்சுக்கு நேரா நிக்கணும். கையப் பிடிக்க அவ ஆள் ஒருத்தர் இருந்தா சீக்கிரம் முடியுது. இதுவும் எனக்குப் பாதுகாப்புதான். உங்க ஆபீஸ்ல இது யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. அவங்களுக்கு உங்க இழுப்பும் தெரியாது. எனக்குத் தெரியும்."

"உனக்கு வலி எடுத்தப்போ என் தம்பிய உள்ள கூட்டிட்டு வந்தது யாரு?"

"வந்ததும் மயங்கி விழுந்தாரே, அது என்ன உதவி?"

"விழுறதுக்கு முன்னாடி அவன் கைய நீ கடிச்சு வச்ச தழும்பு இன்னும் இருக்கு. கடிக்க ஆள் இருந்துச்சுல்ல?"

இவளோடு பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது. நான் பேச்சை நிறுத்திவிட்டுப் பையைத் திறந்தேன். "இது ஒன்னுதான் இருக்கு. உங்களுக்கு. வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"இந்த மாஸ்க்கு போட்டா எனக்கு மூச்சு முட்டுது பூட்டு."

"இழுப்பு மருந்து ரெண்டு தரம் உறிஞ்சிட்டுப் போடுங்க. உங்க தம்பி மேல சத்தியம் பண்ணுங்க. கிட் இருக்கும்போது போடாம உள்ள போக மாட்டேன்னு. ஆள் எப்படிக் கதறினாலும் கழட்டிக் குடுக்க மாட்டேன்னு."

அவள் முகம் மாறிவிட்டது. தம்பியை இழுத்திருக்கக்கூடாதுதான். ஆனால் வேறு பூட்டு எதுவும் அவளுக்குப் பொருந்தாது. "சத்தியம்" என்றாள். சொன்னால் சொன்னதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த ஜெயிப்பு ஒரு வேளைகூட நிலைக்கவில்லை. மத்தியானம் வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. பின் சீட்டில் ஒரு பெண், கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். தனியாக வந்திருந்தாள். புருஷன் காய்ச்சல் முகாமில், அம்மா வேறு ஊரில், நடுவில் சாலையை மூடிவிட்டார்கள். கார்க்காரர் தள்ளி நின்றுகொண்டு சொன்னார். "பெரிய ஆஸ்பத்திரியில பிரசவ வலின்னா பிரசவ விடுதிக்குப் போன்னாங்க. பக்கத்து விடுதியில காய்ச்சல்னா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னாங்க. ரெண்டும் இருக்குங்க. நான் எங்கதான் போறது?"

அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவே வேண்டியதில்லை. இருமல் நடை முழுக்கக் கேட்டது.

என் நாத்தனார் இழுப்பு மருந்தை உறிஞ்சினாள். கிட்டை எடுத்துப் போட ஆரம்பித்தாள். மடிக்காத ஆறடிக் கிட். காலை நான்தான் சுருட்டி டேப் ஒட்டிவிட்டேன். மாஸ்க்கை அழுத்தி, கண்ணாடி மாட்டி, கையுறைமேல் கையுறை. கண் மட்டும்தான் தெரிந்தது. உள்ளே போனாள். நான் நடையில் நின்றேன். அதுதான் என் இடம். நான் கிடங்குக்காரி, எனக்கும் பிரசவத்துக்கும் என்ன?

கதவுக் கண்ணாடி வழியே தெரிந்தது. அந்தப் பெண் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலி வரும்போதெல்லாம் கம்பியைப் போட்டு உலுக்கினாள். என் நாத்தனார் அவள் காலடியில் நின்று, "விடு, கையத் தளர விடு, மூச்ச வெளிய விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மாஸ்க்குக்குள்ளிருந்து அது என் காதுக்கே சரியாக வரவில்லை. தொளதொளவென்ற வெள்ளைத் துணிக்குள்ளிருந்து ஏதோ முனகுகிற மாதிரி இருந்தது. அந்தப் பெண் அவளைப் பார்க்கவே இல்லை. கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "யாராவது வாங்களேன்" என்றாள். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

நேரம் போய்க்கொண்டே இருந்தது, ஒன்றும் நகரவில்லை. நான் என் நாத்தனாரைப் பார்த்தேன். இப்போது கழற்றப்போகிறாள், அந்தப் பெண்ணுக்குத் துணையாக யாரையாவது தேடிப் பிடித்து மாட்டிவிடப்போகிறாள், அப்படிச் செய்தால் தொண்டை கிழியக் கத்தலாம் என்று தயாராக நின்றேன்.

அவள் கதவருகே வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நான் கழட்ட மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ரெயின்கோட்டு ஆணியில தொங்குது."

பயந்தேன். அதில் பொய் என்ன இருக்கிறது? எனக்கு வீடு இருக்கிறது, ஜன்னல் கழற்றுகிற ஒரு மனுஷன் இருக்கிறார், வெளியூரில் படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். நாத்தனாரைப் பூட்டுவதற்கு நான் வாங்கிய சத்தியத்துக்குள் நானும் சேர்ந்து பூட்டிக்கொண்டதை நினைத்து எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலோடுதான் மழைக்கோட்டை எடுத்தேன். கழுத்து வரைக்கும் பட்டனைப் போட்டேன்.

உள்ளே போய்த் தலைமாட்டில் நின்றேன். "நான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் கம்பியை விட்டுவிட்டு என்னைப் பிடித்தாள். கையை அல்ல, கோட்டின் தோளை. அடுத்த வலியில் அக்குளில் இருந்து இடுப்பு வரைக்கும் கோட்டு பிரிந்துவிட்டது. என் முகத்திலேயே இருமினாள். "மன்னிச்சுக்கோங்கக்கா" என்று வேறு சொன்னாள். அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்க ஒருத்திக்கு எப்படித் தோன்றும்? எனக்கு அழுகை வந்துவிட்டது. "இரு, இரு, நல்லா இருமிக்கோ" என்று என்னென்னவோ உளறினேன். அவள் தோள் இறங்கியது. மூச்சு நீண்டது. என் நாத்தனார் சொன்னது அப்படியே நடந்தது, சாயங்காலம் வெயில் சாய்வதற்குள் பெண்குழந்தை பிறந்துவிட்டது.

மறுநாள் பரிசோதனை முடிவு வந்தது. நோய்தான். அதன்பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் தாய்க்கும் பிள்ளைக்கும் கட்டில் கிடைத்தது, வண்டியே வந்து கூட்டிக்கொண்டு போனது. முழுக் கிட் போட்டிருந்ததால் என் நாத்தனார் வேலை பார்க்கலாம் என்றார்கள். மழைக்கோட்டு போட்டிருந்த நான் வெளியே தலைகாட்டக் கூடாது என்றார்கள். விடுதியின் சாமான் அறையில் எனக்கு ஒரு பாய். ஜன்னல் வாசல்பக்கம் திறந்தது. வீட்டுக்காரருக்குப் போனில் சொன்னேன். "அந்த ஜன்னல் சரியா மூடுதா?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த விதத்தில் அழுதார்.

அடுத்த நாள் காலையில் மேலதிகாரியின் போன். "கிடங்குச் சாவி எங்கம்மா?"

"என் இடுப்புல சார்."

"நாளன்னைக்குச் சரக்கு வண்டி வருது. கிடங்கத் திறக்கணும். மாத்துச் சாவி?"

"கிடங்குக்குள்ள பீரோவுல இருக்கு சார். வெளிய வைக்கக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி, நானே வந்து வாங்கிக்கறேன்."

"சார், இனிமே ஒரு பிரசவத்துக்கு ரெண்டு கிட் வேணும். ஒன்னு மருத்துவச்சிக்கு, ஒன்னு துணைக்கு இருக்கிறவங்களுக்கு."

"துணைன்னு ஒரு பதவியே கிடையாதேம்மா. யார் பேர்ல ஒதுக்கறது? அதோட கையிருப்பே இல்ல. என் ஆபீஸையே துடைச்சுப் போட்டாலும் ஒரு கிட் கிடைக்காது. பானையில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் அடுத்த பிரசவம் வந்துவிட்டது. பெண்ணோடு அவள் அம்மாவும் வந்திருந்தாள். என் நாத்தனார் பெண்ணை மட்டும் உள்ளே கூட்டிப்போனாள். அம்மாக்காரி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே ஒவ்வொரு முறை சத்தம் வரும்போதும் எழுந்து நின்றாள். சத்தம் நின்றதும் உட்கார்ந்தாள்.

என் நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். வேறொரு மழைக்கோட்டு, பெற்றவள் யாரோ விட்டுப்போனது. முழங்கைவரைதான் இருந்தது. அதே துணி மாஸ்க்.

"அண்ணி, வேண்டாம். கெஞ்சிக் கேக்கறேன்."

"கிட் இருக்கும்போது போடாம போக மாட்டேன்னுதான் சத்தியம். கிட் இல்ல."

"செத்துப்போவீங்க."

"தெரியும்டி" என்றாள். சிரிக்கவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதுக்கு என்ன பண்ணச் சொல்ற? அவள வாசல்லயே பெத்துக்கச் சொல்லவா?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பூட்டிக் கிடந்த நான் வேறு என்ன செய்ய முடியும்? அப்போதுதான் அலுவலக ஜீப் வந்து நின்றது.

முன்கதவு திறந்து ஓட்டுநர் இறங்கினார். வெள்ளைக் கவச உடை, கண்ணாடி, இரட்டைக் கையுறை, காலுறை. பின்கதவு திறந்து மேலதிகாரி இறங்கினார். அவரும் அப்படியே. புத்தம்புதிது. மடிப்புக்கூடக் கலையவில்லை. இரண்டு பேரும் காற்றில் உப்பிக்கொண்டு என் ஜன்னலை நோக்கி நடந்து வந்தார்கள். ஆறடி ஆட்களுக்கு என்ன பொருத்தமாக இருந்தது தெரியுமா!

"சாவியக் கீழ போடும்மா. தொடாம எடுத்துக்கறேன்."

நான் சோப்புத் தண்ணீர்க் குவளையில் சாவியைப் போட்டு, குவளையை ஜன்னல் திண்டில் வைத்தேன். கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

"எதுக்கு சார் கிட் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க?"

"என்னம்மா கேள்வி இது? நோய் இருக்கிற இடமாச்சே."

"இங்க நோய்க்கட்டிலே கிடையாதே சார்."

அவர் குவளைக்குக் கை நீட்டினார்.

"ஒரு சாவி வாங்க ரெண்டு கிட் சார். ஒரு பிள்ளை பொறக்க ஒன்னுகூட இல்லைன்னு காலையிலதான் சொன்னீங்க." என் குரல் எனக்கே அடங்கவில்லை. "அதோ அந்த மழைக்கோட்ட பாருங்க. அவங்களுக்கு இழுப்பு. அவங்க அதப் போட்டுக்கிட்டுத்தான் இப்ப உள்ள போகப் போறாங்க. இன்னும் யாரும் தொடாத உடுப்பு நீங்க போட்டிருக்கிறது. கழட்டுங்க சார்."

"என்னம்மா பேசற? வேலை பாக்கணும்னு எண்ணம் இருக்கா?"

"இருக்கு சார். கழட்டுங்க."

ஓட்டுநர் கண்ணாடியை ஏற்கெனவே நெற்றிக்கு ஏற்றிவிட்டார். அவர் ஒருகாலத்தில் எனக்குப் பூட்டு என்று பெயர் வைத்த கூட்டத்தில் ஒருவர். "சார், வெக்கையும் தாங்கல" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே ஜிப்பை இறக்கினார்.

உள்ளிருந்து சத்தம் வந்தது. படியில் இருந்த அம்மாக்காரி எழுந்து நின்றாள். நின்றவள் மேலதிகாரியின் பக்கம் வந்தாள். "ஐயா, அது என் பொண்ணு கத்துறது" என்றாள். அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை.

அவர் அவளைப் பார்த்தார். மழைக்கோட்டைப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார், முதலிலேயே தப்பாக. "வெளிப்பக்கத்தத் தொடாதீங்க சார்!" என்று நான் ஜன்னலிலிருந்து கத்தினேன். ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிக் கழற்றவைத்தேன். சட்டையெல்லாம் வேர்வையில் ஒட்டிப்போய், தலைமுடி நெற்றியில் விழுந்து, பாவம், பார்க்க ரொம்பச் சாதாரணமான மனுஷராக இருந்தார். ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஓட்டுநர் ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினார்.

என் நாத்தனார் ஓட்டுநருடையதை அம்மாக்காரிக்கு மாட்டிவிட்டாள். மருந்தை உறிஞ்சிவிட்டு, மேலதிகாரியுடையதைத் தான் போட்டுக்கொண்டாள். காலைச் சுருட்ட நான் பக்கத்தில் இல்லை, அதனால் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் தாண்டினாள். "உன் சாரு வேர்வை நாத்தம் தாங்கலடி" என்றாள்.

"மூச்சு முட்டுதா அண்ணி?"

"முட்டுது. இருக்கட்டும்" என்று உள்ளே போனாள். கதவு சாத்தியது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் மாறியது. இரண்டு குரல் கேட்டது, மகளுடையதும் அம்மாவுடையதும்.

உட்காரலாம் என்று திரும்பியபோதுதான் திண்டில் இருந்த குவளை கண்ணில் பட்டது. சோப்புத் தண்ணீருக்கு அடியில் கிடங்குச் சாவி கிடந்தது. வந்த காரியத்தை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜீப் இன்னும் தெருமுனை திரும்பவில்லை. கூப்பிட்டால் கேட்கும். போனை எடுத்து அவர் எண்ணைக்கூட அழுத்தப் போனேன்.

சரக்கு வண்டி நாளன்னைக்குத்தானே வருகிறது. நாளைக்கு மறுபடியும் சாவி வாங்க வருவார்கள். இரண்டு பேராக வருவார்கள். போனை வைத்துவிட்டேன்.